சுகர் இருக்கும் பெண்களின் கண்ணும் தூக்கமும்: யாரிடம் போவது, எதை முதலில் செய்வது

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. ராத்திரித் தூக்கம் கெட்டும் சில வருடங்கள் இருக்கும். சுகர் மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார், கண் மருத்துவர் கண்ணைப் பார்த்தார். தூக்கத்தைப் பற்றி அம்மாவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையில் (ரெட்டினா) கசிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சுகர், கண், தூக்கம் என்று மூன்று துறைகளுக்கு நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையத் தொடங்கினோம். எங்கே எந்தச் சீட்டைக் கேட்பார்கள், எதற்கு எவ்வளவு ஆகும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் நிறைய நாள் வீணானது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருக்கும், டைப் 2 சர்க்கரை நோய் உள்ள பெண்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ மாமியாருக்கோ உதவும். தொகைகள் எல்லாம் தோராயமானவை, ஊருக்கு ஊர் மாறும்.

தூக்கத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விழித்திரை நிறைய ஆக்சிஜன் செலவழிக்கும் உறுப்பு. அதுவும் வெளிச்சத்தைவிட இருட்டில்தான் அதற்கு அதிகம் தேவை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் கோளாறு இருந்தால், அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் திரும்பத் திரும்ப இறங்குகிறது. தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சுகரும் ஏறுகிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது. மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தூக்கத்தைச் சரிசெய்தால் கண் தானாகக் குணமாகும் என்பதற்கு நிரூபணம் இல்லை. அதனால் கண் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தூக்கத்தின் பின்னால் போகக் கூடாது. முதலில் கண், கையோடு தூக்கம்.

1. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

மருத்துவரிடம் போய் "தூக்கமே வர்றதில்லை" என்றால் ஒரு மாத்திரை எழுதித் தருவார், அவ்வளவுதான். விவரமாகச் சொன்னால்தான் காரணத்தைத் தேடுவார். அதனால் ஒரு வாரத்துக்கு இவற்றை எழுதி வையுங்கள்:

- எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்
- ராத்திரி எத்தனை முறை விழிப்பு வந்தது, அதில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க
- குறட்டை உண்டா, மூச்சுத் திணறி எழுந்தீர்களா
- காலையில் தலைவலி, வாய் வறட்சி
- பகலில் டிவி முன்னாலோ பஸ்ஸிலோ தன்னையறியாமல் கண் சொக்குகிறதா
- பாத எரிச்சல், கால் குடைச்சல், திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது

குறட்டை விஷயத்தில் பெண்கள் ஏமாந்துவிடுகிறோம். பலத்த குறட்டை விடுகிற பருமனான ஆண்களுக்குத்தான் இந்தக் கோளாறு வரும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பெண்களுக்கு அது அசதியாகவும், நடு ராத்திரி விழிப்பாகவும், காலைத் தலைவலியாகவும்தான் பெரும்பாலும் வெளிப்படும். மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தவர்களுக்கும் கூடுதல். தனியாகப் படுப்பவர் என்றால் குறட்டையைச் சொல்ல ஆள் இருக்காது. செல்போனில் குரல் பதிவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள்.

எல்லாத் தூக்கக் கேடும் மூச்சுக் கோளாறு இல்லை. சுகர் அதிகமாக இருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ராத்திரியில் சுகர் இறங்கி, வியர்த்து, படபடப்போடு விழிப்பு வரலாம். அப்படி வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் குடைச்சலுக்கு இரும்புச் சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். நம் பெண்களிடம் அது சகஜம்.

கவனம்: இந்த வாரத்தில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மூச்சு நிற்கும் கோளாறு இருந்தால் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகள் அதை மோசமாக்கலாம்.

2. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

ஒரே ஃபைல், தேதி வரிசையில். எல்லா மருத்துவரிடமும் அதே ஃபைல்தான் போக வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி சுகர் (ஹெச்.பி.ஏ.1.சி.), ரத்த அழுத்தக் குறிப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின், தைராய்டு ரிப்போர்ட்டுகள், இப்போது போடும் மாத்திரைகளின் பெயர், அளவு. பழைய கண்ணாடிச் சீட்டு இருந்தால் அதுவும். தூக்க நோட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மேலாக வையுங்கள்.

ஹெச்.பி.ஏ.1.சி.க்குத் தனியார் லேபில் சில நூறு ரூபாய் ஆகும். மற்றதையும் சேர்த்தால் பேக்கேஜாக ₹1,500 முதல் ₹2,500 வரை வரலாம். அரசு மருத்துவமனையில் செலவில்லை, ஆனால் ரிப்போர்ட் கைக்கு வர ஓரிரு நாள் ஆகும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தில் எல்லாரும் நேரில் வரச் சொல்லலாம், விசாரித்துவிட்டுப் போங்கள். சிகிச்சை தேவை என்று தெரிந்த பிறகு ஓடினால், வருமானச் சான்றிதழ் வருவதற்குள்ளேயே நாட்கள் போய்விடும்.

3. கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டைப் 2 என்று தெரிந்தவுடனேயே ஒரு முறை, அப்புறம் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். டைப் 1 என்றால் தெரிந்த ஐந்து வருடத்துக்குள் தொடங்க வேண்டும். "எனக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு, ஊசியில் நூல் கோக்கிறேனே" என்பதுதான் பெரிய பொறி. பாதிப்பு முற்றும் வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம். வலிக்கவும் செய்யாது.

இரண்டாவது பொறி, கண்ணாடிக் கடை. அங்கே பவர்தான் பார்ப்பார்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாலும் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சுகர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது பவரும் மாறிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் போட்ட புதுக் கண்ணாடி கொஞ்ச நாளில் ஒத்துவராமல் போகும். சுகர் சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு கண்ணாடி மாற்றுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. அரவிந்த் கண் மருத்துவமனை மதுரை, தேனி, திருநெல்வேலி, கோவை, சேலம், சென்னை, புதுச்சேரி என்று பல ஊர்களில் இருக்கிறது, கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. சென்னையில் சங்கர நேத்ராலயாவும் இருக்கிறது. எங்கே போனாலும் பதிவு செய்யும் இடத்திலேயே "சுகர் இருக்கு, ரெட்டினா பார்க்கணும்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பொதுப் பிரிவுக்கு அனுப்பி, அங்கிருந்து ரெட்டினா பிரிவுக்கு இன்னொரு நாள் வரச் சொல்லக்கூடும்.

போகிற நாளில்:

- சாப்பிட்டுவிட்டு, சுகர் மாத்திரை போட்டுவிட்டே போங்கள். வெறும் வயிற்றில் போய்க் காத்திருந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் பிஸ்கட் இருக்கட்டும்.
- கண் மை வேண்டாம்.
- துணைக்கு ஆள் வேண்டும். சொட்டு விட்டபின் கண்மணி விரிய அரை மணி நேரம் வரை ஆகும். அதன்பின் நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டப்பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. கறுப்புக் கண்ணாடியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள்.
- முன்பு கண் அழுத்தம் இருந்திருந்தால் சொட்டு விடுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

அரை நாள் ஒதுக்குங்கள். தனியாரில் ஆலோசனைக் கட்டணம் சில நூறு ரூபாய். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எழுதினால் இன்னும் ₹1,000 முதல் ₹2,500 வரை. சாயம் செலுத்திக் கண்ணைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லாருக்கும் தேவைப்படாது. எடுத்தால் ஒரு நாள் வரை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், தோலும் லேசாக மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

துணைக்கு ஆள் கிடைக்காததால்தான் பெண்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் எண்ணம். கணவருக்கு லீவு இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை, பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் சுகர் இருக்கும் இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துணையோடு போங்கள். ஒரே ஆட்டோ, ஒரே நாள்.

4. சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துக் கேளுங்கள்

"ரெட்டினாவில் லேசா சுகர் இருக்கு" என்பதோடு திரும்பி வராதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த நிலை? விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா?

புது ரத்தக் குழாய் வளராத நிலையைச் சீட்டில் என்.பி.டி.ஆர். என்று எழுதுவார்கள். அதில் லேசானது, மிதமானது, கடுமையானது என்று மூன்று படி. பாதிப்பே இல்லையென்றால் வருடம் ஒரு முறை. லேசானதற்கு 6 முதல் 12 மாதம், மிதமானதற்கு 3 முதல் 6 மாதம், கடுமையானதற்கு 3 மாதத்துக்குள் மறுபடி வர வேண்டும். புதுக் குழாய்கள் முளைத்துவிட்டால் பி.டி.ஆர். என்று எழுதுவார்கள், அதற்கு ஒரு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். நடுப்பகுதியில் நீர் கோப்பது எந்த நிலையிலும் வரலாம். மங்கலாகத் தெரிவதற்கும் கோடுகள் வளைந்து தெரிவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அடுத்த தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

5. லேசர், ஊசி: பணமும் காப்பீடும்

விழித்திரைப் பாதிப்புக்கு லேசரோ ஊசியோ எழுதலாம். லேசர் வெளிநோயாளியாகவே செய்துவிடுவார்கள், சில ஆயிரங்கள் ஆகும். கண்ணுக்குள் போடும் ஊசிக்குத்தான் செலவு அதிகம். மரத்துப்போகச் சொட்டு விட்டுப் போடுவார்கள், நொடியில் முடிந்துவிடும். மருந்துக்கு மருந்து விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெவாசிசுமாப் மிகக் குறைவு, ரானிபிசுமாப் அதைவிடப் பல மடங்கு, அஃப்லிபெர்செப்ட் இன்னும் மேலே. ரானிபிசுமாபிலேயே இந்தியத் தயாரிப்பு விலை குறைவாகக் கிடைக்கிறது. எது போடுகிறார்கள், ஏன் அது, விலை குறைந்தது எனக்குப் பொருந்துமா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒரு ஊசியோடு முடியாது, தொடக்கத்தில் மாதம் ஒன்று என்று சில மாதங்கள் போகும். ஒரு ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு சரி என்று சொல்லாமல், ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பணத்தைத் திட்டமிடுங்கள். பாதியில் நிறுத்தினால் நீர் திரும்பக் கோத்துக்கொள்ளும்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால்: கண்ணுக்குள் போடும் ஊசியை நவீன சிகிச்சைகளின் பட்டியலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சேர்த்திருக்கிறது, அதனால் 24 மணி நேரம் மருத்துவமனையில் படுக்கவில்லை என்று சொல்லி ஒரேயடியாக மறுக்க முடியாது. ஆனால் பாலிசியில் அதற்கு உச்சவரம்பு இருக்கலாம், பழைய நோய்க்கான காத்திருப்புக் காலமும் இருக்கலாம். ஊசிக்கு முன்பே அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வாய்மொழியாகச் சரி என்றார்கள், பில் போட்டபிறகு இழுத்தடித்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்களுக்கு எழுதிய சிகிச்சை அந்த மருத்துவமனையில் திட்டத்தின் கீழ் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. வலி அதிகமாகிக் கண் சிவந்து பார்வை மங்கினால் அன்றே போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

6. தூக்கப் பரிசோதனை

கண் பார்த்த அதே மாதத்தில் இதையும் தொடங்குங்கள். நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போகலாம். நோட்டைக் காட்டி, "விழித்திரையில் பாதிப்பு இருக்கு, தூக்கத்தில் மூச்சு நிற்குதான்னு பார்க்கணும்" என்று நேரடியாகவே சொல்லுங்கள். எப்வொர்த் என்ற கேள்வித்தாளைத் தருவார்கள். எட்டு சூழ்நிலைகளில் கண் சொக்குமா என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் காரில் இருக்கும்போது கண் சொக்குமா என்பது போன்ற கேள்விகளுக்கு நம் அம்மாக்கள் 0 போட்டுவிடுவார்கள். மதிய நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பரிசோதனை இரண்டு விதம். மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்குவது ஒன்று, இதற்கு ₹10,000-க்கு மேலேயே ஆகும். கருவியை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கட்டிக்கொண்டு படுப்பது இன்னொன்று, இது பெரும்பாலும் அதில் பாதிதான் ஆகும். இதயக் கோளாறோ வேறு பெரிய நோயோ இல்லாமல், மூச்சு நிற்கும் சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால் வீட்டுச் சோதனையே போதும். தனியாகத் தங்கத் தயங்கும் பெண்களுக்கும் அதுதான் சௌகரியம். மருத்துவமனையில்தான் தங்க வேண்டும் என்றால், பெண் உதவியாளர் இருப்பாரா, துணைக்கு ஒருவர் தங்கலாமா என்று முன்பே போனில் கேளுங்கள்.

இந்தத் தயாரிப்புகளை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை:

- தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். அன்று சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் குளித்துவிடுங்கள். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது.
- விரல் நகத்தில் மருதாணி, நெயில் பாலிஷ் வேண்டாம். ஆக்சிஜன் அளக்கும் கிளிப் தப்பாகக் காட்டலாம். மருதாணி அழிய நாளாகும் என்பதால் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.
- அன்று மதியம் தூங்காதீர்கள், மாலைக்கு மேல் காபி வேண்டாம். சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்பது அது. 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 மிதமானது, 30-க்கு மேல் கடுமையானது. ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது என்ற வரியும் இருக்கும். கண் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.

7. சிபாப் எழுதினால்

முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்குழாயைத் திறந்தே வைக்கும் கருவி இது. கருவி ₹30,000-த்தில் தொடங்குகிறது, தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் வகை அதற்கும் மேல். முகமூடிக்குத் தனி விலை. பல பாலிசிகளில் இதற்குப் பணம் தரமாட்டார்கள். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முகமூடியில் சின்ன அளவைக் கேளுங்கள், கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது பெண்கள் முகத்துக்குப் பெரிதாக இருக்கலாம். மூக்குத்தி போட்டிருந்தால் காற்று கசியும், குத்தும். கழற்ற மனமில்லாதவர்கள் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் வகையைக் கேட்டுப் பார்க்கலாம். மேல்பக்கம் காற்று கசிந்து கண்ணில் அடித்தால் கண் வறண்டு எரியும், பட்டையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பகலில் டிவி பார்க்கும்போது போட்டுப் பழகினால் ராத்திரி சுலபம்.

8. மாத்திரை மாற்றும்போதும் கர்ப்பத்தின்போதும்

நெடுநாள் அதிகமாக இருந்த சுகரைச் சட்டென்று இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். சுகரைக் குறைப்பது அவசியம்தான், ஆனால் இன்சுலினோ எடை குறைக்கும் ஊசியோ புதிதாகத் தொடங்குவதற்கு முன் விழித்திரையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருப்பவர்கள் பையோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை எடுத்தால் சுகர் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், அந்த மாத்திரை நீர் கோப்பதைக் கூட்டக்கூடும்.

ஏற்கெனவே சுகர் இருந்து குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே விழித்திரையைப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள். அதன்பின் எப்போது வர வேண்டும் என்பதைப் பாதிப்பின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார், பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் வரை தொடர வேண்டும். கர்ப்பத்தில் மட்டும் வந்த சுகருக்கு இது பொருந்தாது.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரம்

திடீரென்று கறுப்புப் புள்ளிகளோ நூலாம்படை மாதிரியோ மிதந்தால், மின்னல் வெட்டினால், ஒரு பக்கம் திரை இறங்கியது போல் மறைந்தால், ஒரு கண் மட்டும் சட்டென்று மங்கினால் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வாரம் ஒரு நாள் ஒவ்வொரு கண்ணாக மூடி, காலண்டரின் ஒரே தேதிக் கட்டத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். எங்கே போக வேண்டும் என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.